இரண்டாவது தலையணை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நானும் என் பெண்டாட்டியும் சுகம். உன் சுகத்தை எழுது. முழங்காலைப் பற்றித் தனியாக எழுது, சுகத்தோடு சேர்த்து அதை மறைக்காதே.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் "எப்போ வர்றே?" என்று நான் கேட்கும்போதெல்லாம் கடல் சத்தத்தில் உனக்குக் காது கேட்பதில்லை. "சாப்ட்டியா?" என்று கேட்டால் மட்டும் அதே கடல் அடங்கி, பதில் வருகிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். லாட்ஜ் விற்பனை முடிவாகிவிட்டது. வாங்குகிறவர் ஒரு பல் டாக்டர் என்று தரகர் சொன்னார். தொழிலை விட்டுவிட்டுக் கடலோரத்தில் நிம்மதியாக இருக்கப் போகிறாராம். இடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஜூன் பிறந்ததும் சாவி அவர் கைக்குப் போக வேண்டும். போன சீசனோடு நாம் லாட்ஜை மூடியாகிவிட்டது. இனி நீ அங்கே தனியாகக் காவல் காக்க ஒன்றும் இல்லை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து அவளுடைய ரூம் சும்மா கிடக்கிறது. இனி அது உனக்கு.

நேற்று ஒரு வேடிக்கை. என்னிடம் கார் ஓட்டப் பழக வருகிற கணக்கு வாத்தியார் ஒருவரோடு போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு லாட்ஜ். பால்கனி பால்கனியாகத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. என்னை அறியாமல் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

"ஏன் சார், என்ன தப்பு பண்ணேன்?" என்றார் வாத்தியார்.

"ஒண்ணுமில்ல சார். அந்தத் துண்டெல்லாம் யாராச்சும் குளிச்சு நனைஞ்சதா, இல்ல சும்மா நனைச்சதானு பாத்தேன்."

இன்றைக்கு அவர் வகுப்புக்கு வரவில்லை.

நாம் வளர்ந்த லட்சணம் அப்படி. காலியாக இருக்கிற லாட்ஜுக்கு எவனும் வரமாட்டான் என்பது அப்பாவின் கொள்கை. காலையில் பக்கெட் நிறையத் துண்டை நனைப்பது என் வேலை, ஆள் இல்லாத ரூம் பால்கனியிலெல்லாம் அதை மாட்டுவது உன் வேலை. பொழுது சாய்ந்தால் காலி ரூம்களில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடுவோம். தப்பித் தவறி ஒருவர் வந்து இடம் கேட்டால் அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சீசனாச்சேங்க... சரி, உங்க அதிர்ஷ்டம், ஒரே ஒரு ரூம்தான் இருக்கு" என்பார். அத்தனை ரூமும் காலியாகக் கிடக்கும். நீயும் நானும் மேஜைக்கடியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருப்போம்.

சரி, எப்போ வர்றே? தேதியை எழுது.

அன்புள்ள தம்பி

—

ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடிதம் வந்தது. நான் நலம். நீ சொன்னபடி முழங்காலைத் தனியாக எழுதுகிறேன்: மாடிப்படி இல்லாத இடங்களில் அதுவும் நலம். அவளுக்கு என் அன்பைச் சொல்.

உன் பல் டாக்டர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். வாசலில் பார்த்தபோது எனக்கு ஆள் பிடிபடவில்லை. தலை வழுக்கை, வயிறு கொஞ்சம் முன்னால். கடலைப் பார்த்த ரூமுக்குள் போனதும் மனிதர் சன்னலையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய்த் தலையணையை உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கினார். தம்பி, அது வேறு யாரும் இல்லை. நம்ம 'ரெண்டாவது தலையணை'.

அப்பா காலத்தில் வருஷா வருஷம் வந்து, பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே "இன்னொரு தலையணை கெடைக்குமா?" என்று கேட்பாரே, அவரேதான். வந்தவர்கள் எல்லாருக்கும் நீதான் பேர் வைப்பாய். சோப்பை எடுத்துப் போகிறவர் 'சோப்புக்காரி', கதவைச் சாத்தச் சாத்தத் திறந்து பார்க்கிறவர் 'பூட்டிட்டேனா'. "வந்தவங்களுக்குப் பேர் வைக்கிறது என்ன புத்தி?" என்று அம்மா திட்டுவாள். திட்டிவிட்டு, நீ வைத்ததைவிட நல்ல பேராக ஒன்று எடுத்தும் கொடுப்பாள்.

டாக்டர் என்னிடம் சொன்னதைக் கேள்.

"எத்தனை வருஷம் வந்திருக்கேன் தெரியுமாம்மா? ஒவ்வொரு தடவையும் லாட்ஜ் நெறஞ்சிருக்கும். ஒரே ஒரு ரூம்தான் மிச்சம். அது எனக்குக் கெடைச்சுடும். எனக்கும் இந்த எடத்துக்கும் ஏதோ இருக்கும்மா."

"இருக்குங்க" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல.

தேங்காயெண்ணெய் தீர்ந்துவிட்டது, தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, மற்றபடி எல்லாம் அப்படியே. கடிதத்தின் கடைசியில் நீ ஏதோ கேட்டிருந்தாய் போலிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் மை கலங்கிப் படிக்க முடியவில்லை.

அன்புள்ள அக்கா

—

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு பேரும் நலம். உன் முழங்காலுக்கு அவள் தன் மருந்துக்கடையிலிருந்து தைலம் அனுப்பியிருக்கிறாள், தேய்த்துக்கொள்.

மை கலங்கவில்லை. நான் எழுதியது பால்பாயிண்ட் பேனாவில்.

'ரெண்டாவது தலையணை'யா வாங்குகிறார்? சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. சின்ன வயதில் அவர்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? நம் வீட்டில் யாருக்குமே தலையணை கிடையாது. இருக்கிற தலையணை எல்லாம் வருகிறவர்களுக்கு. நமக்கு மடித்த துண்டு. அதுவும் எந்த ரூம் காலியோ அந்த ரூமில். படுத்த பிறகு ஆள் வந்துவிட்டால் துண்டை, புத்தகத்தை, சட்டையை ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு அடுத்த ரூமுக்கு ஓட வேண்டும். சீசனில், ஆள் வராவிட்டாலும், எல்லாரும் இஸ்திரி ரூமில். அப்படி இருக்கும்போது ஒரு மனிதர் வந்து இரண்டாவது கேட்டால் வயிறு எரியுமா எரியாதா?

அவரிடம் உண்மையைச் சொல்லித் தொலைக்காதே. அந்த 'ஏதோ இருக்கு' என்ற நினைப்பில்தான் வாங்குகிறார்.

இன்னொன்று. தரகர் போன் பண்ணினார். "என்ன சார், லாட்ஜை மூடிட்டேன்னீங்க. எல்லா பால்கனிலயும் துண்டு தொங்குது, மாடி பூரா லைட் எரியுது, ஜேஜேனு இருக்கே" என்கிறார். அக்கா, ரூமை வாடகைக்கு விடுகிறாயா? உள்ளதைச் சொல். அப்படியே தேதியையும் சொல்.

அன்புள்ள தம்பி

—

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். தைலம் வந்தது. முழங்காலுக்கு என்ன செய்ததோ தெரியாது, மூக்கடைப்பு போய்விட்டது. அவளிடம் சொல்.

யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. என்னை என்னவென்று நினைத்தாய்? துண்டு மாட்டுவது நான்தான். காலையில் எழுந்ததும் கை பக்கெட்டைத் தேடுகிறது. மாட்டாமல் ஒரு நாள் இருந்து பார்த்தேன். தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கட்டடம் பொக்கை வாயோடு நிற்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. போய் மாட்டிவிட்டு வந்துதான் டீ குடித்தேன்.

துண்டைப் பார்த்து ஆள் வர ஆரம்பித்துவிட்டது, அதுதான் சங்கடம். மூடிவிட்டோம் என்றால் யாரும் நம்பவில்லை. அப்போதுதான் அப்பா ஆசை ஆசையாய் எழுதி வைத்த போர்டு ஞாபகம் வந்தது. 'ரூம் இல்லை' என்று சிவப்பு பெயிண்டில் எழுதினாரே, ஒரு நாளாவது மாட்டிவிட வேண்டுமென்று காத்துக்கொண்டே இருந்தாரே, அதேதான். கடைசி வரை மாட்டக் கொடுத்துவைக்கவில்லை. அம்மா அதன் பின்பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தேடி எடுத்துத் துடைத்து வாசலில் மாட்டினேன்.

ஒரு புதுமணத் தம்பதி வந்து கெஞ்சியது. "எங்கயாச்சும் ஒரு மூலை இருந்தாக்கூடப் போதும் ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். நானும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இல்லம்மா, ஹவுஸ்ஃபுல்" என்றேன். என் ஆயுசில் முதல் தடவை சொல்கிறேன். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார்.

இதில் ஒரே ஒரு தொல்லை. போர்டைப் பற்றிக் கேள்விப்பட்டு டாக்டர் அடித்துப் பிடித்து வந்துவிட்டார். "என்னம்மா, என் ரூமும் போயிடுச்சா?" என்று வாசலிலேயே நின்றார். மொத்தக் கட்டடமும் அவருடையதாகப் போகிறது, இவர் ஒரு ரூமுக்குப் பதறுகிறார். உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பினேன்.

அன்புள்ள அக்கா

—

மார்ச் 15

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்றுதான் தெரிகிறது, போர்டெல்லாம் மாட்டுகிறாய்.

இந்தக் கடிதத்தோடு ரயில் டிக்கெட் வைத்திருக்கிறேன். ஏப்ரல் பத்தாம் தேதி. கீழ்ப் படுக்கை, சன்னல் ஓரம். ஸ்டேஷனுக்கு நானே காரோடு வருகிறேன். இதில் கலங்குவதற்கு மை இல்லை, அச்சடித்தது.

அவள் உனக்காக அலமாரியைக் காலி பண்ணி, புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறாள். துண்டையெல்லாம் மடித்து வைத்துவிட்டுக் கிளம்பு.

தம்பி

—

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா?

பத்தாம் தேதி மழை வரும்போல் இருந்தது. வரவில்லை. அதற்குள் ரயில் போய்விட்டது. முழங்காலும் அன்றைக்கு ஒரு மாதிரி. நீ ஸ்டேஷனில் நின்றிருப்பாய் என்று நினைக்கும்போது மனசு கஷ்டமாக இருந்தது.

இங்கே தலையணைகளை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறேன். டாக்டருக்குத் தலையணை நன்றாக இருந்தால்தானே. வேலை கிடக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

அன்புள்ள அக்கா

—

ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? உங்கள் தம்பிக்குத் தெரியாமல் மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன். ரசீதுத் தாளின் பின்பக்கம், மன்னித்துக்கொள்ளுங்கள். இருமல் மருந்து கேட்டு யாராவது வந்தால் எழுத்து கோணும்.

அன்றைக்கு ஸ்டேஷனில் இவர் மூன்று ரயிலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். "அக்கா வரல" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து கார் ஓட்டப் பழகுகிறவர்களிடம் எரிந்து விழுகிறார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இவரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் காலையில் எழுந்ததும் படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரித்து, மேஜையைத் துடைத்து, சீப்பு, ரேசர், சட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "யாராச்சும் வந்தா?" என்பார்.

"நம்ம பெட்ரூமுக்கு யாருங்க வருவா?"

"தெரியாது. வந்தா?"

புதிதில் என்னை விட்டுவிட்டுப் போகத் தயாராக இருக்கிறாரென்று நினைத்து அழுதிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. மனசுக்குள் 'காலிபண்ணி' என்று பேர் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் கூடத்தில் தூங்குவார், ஒரு நாள் மகளை எழுப்பிவிட்டு அவள் கட்டிலில் தூங்குவார். ஒரே இடத்தில் தொடர்ந்து படுத்தால் இவருக்கு உடம்புக்கு ஆகாது.

ஆனால் மகள் போன பிறகு அந்த ரூமில் இவர் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. வாசலில் நின்று பார்க்கிறார், தலையணையைத் தட்டி நேராக வைக்கிறார், கதவைச் சாத்துகிறார். வீட்டில் காலியாக ஒரு ரூம் இருந்தும் இவர் அதில் படுக்காமல் இருக்கிறாரென்றால், அது உங்களுக்காகத்தான்.

இப்போது கேட்கிறேன். நீங்கள் வராததற்குக் காரணம் நானா? ஆம் என்றாலும் எழுதுங்கள். கஷாயம் விற்கிறவள், கசப்பு பழக்கம்.

உங்கள் தம்பி மனைவி

—

மே 9

அன்புள்ள மருந்துக்கடை அம்மாவுக்கு,

அண்ணி எழுதுவது. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். உடம்பு நலம்.

நீ காரணம் இல்லை. தம்பி அதிர்ஷ்டசாலி, அது அவனுக்கும் தெரியும். காரணம் வேறு, அவனிடம் சொல்லாதே.

என் வாழ்க்கை பூராவும் வந்து தங்குகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கே அப்பா, "உங்க அதிர்ஷ்டம், ஒரே ஒரு ரூம்தான் இருக்கு" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, மாப்பிள்ளை கடலில் குளித்துவிட்டு ரூம் பூராவும் மணலாக்கியிருந்தார். தங்க வருகிறவர் முதல் நாள் எப்படி இருப்பார், மூன்றாம் நாள் எப்படி இருப்பார், அவரை வைத்துக்கொண்டிருப்பவர் முகம் எப்போது மாறும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

எங்களிடம் ஓர் அம்மா வந்து தங்கினார். மகன் வீட்டிலிருந்து வந்தவர். தினமும் காலையில் பெட்டியை மூடி வைத்துக்கொண்டு, "நாளைக்குப் போயிடுவேம்மா" என்பார். அந்தச் சீசன் முழுக்கப் போகவில்லை. ஒரு தொந்தரவு கிடையாது. தன் டம்ளரைத் தானே கழுவுவார், ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருப்பார், சத்தமில்லாமல் நடப்பார். சத்தமே இல்லையே, இருக்கிறாரா இல்லையா என்று நாங்கள்தான் மாற்றி மாற்றிப் போய் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. தம்பி அவருக்கு 'நாளைக்கு' என்று பேர் வைத்தான். எல்லாரும் சிரித்தோம், எங்கள் அம்மாவும்தான்.

உன் வீட்டுக்கு வந்தால் நான் அந்த அம்மாதான். டம்ளரைக் கழுவுவேன். உன் டம்ளரையும் சேர்த்துக் கழுவுவேன். சமையலறை வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று பார்ப்பேன். தம்பி பேர் வைப்பதில் கெட்டிக்காரன். அந்தப் பேர் என் காதில் விழாவிட்டாலும் உன் முகத்தில் படித்துவிடுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

போன வாரம் டாக்டர் வந்தார். "நீங்க இருக்கிற ரூம் எதும்மா? அத அப்படியே விட்டுடறேன், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். எப்ப வேணாலும் வாங்க" என்றார். தங்கமான மனுஷன். காட்டலாமென்று நடந்தேன். வராந்தாவின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தேன். எல்லா ரூமிலும் படுத்திருக்கிறேன், எதையும் என் ரூம் என்று கைநீட்டத் தெரியவில்லை. கடைசியில் இஸ்திரி ரூமைக் காட்டினேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

ஆகவே பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன இடம் பார்த்திருக்கிறேன். சுவர் ஈரம், சன்னலைத் திறந்தால் இன்னொரு சுவர். ஆனால் யாருக்கும் நான் விருந்தாளி இல்லை. தம்பியிடம் பக்குவமாகச் சொல்.

அன்புள்ள அண்ணி

—

மே 21

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நிர்வாகத்தினர் அனைவரும் நலம். எங்கள் விடுதியில் தங்க இடம் உண்டா என்று தாங்கள் விசாரிக்கவே இல்லை. இருந்தாலும் பதில் எழுதுகிறோம்.

தற்சமயம் சீசன் என்பதால் கூட்டம் தாங்கவில்லை. பெரிய ரூமில் மருந்துக்கடை அம்மாள் ஒருவர் நிரந்தரமாகத் தங்கியிருக்கிறார், கண்டிப்பானவர். கூடத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசாமி ஒருவர், நடத்தை சுமார். பால்கனி முழுக்கத் துண்டு. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்துப் பார்த்ததில், உங்கள் அதிர்ஷ்டம், ஒரே ஒரு ரூம்தான் இருக்கிறது.

துண்டு நிஜம், அக்கா. இன்று காலையில் வீட்டிலுள்ள அத்தனை துண்டையும் நனைத்து மாட்டினேன். போதவில்லை என்று அவளுடைய இரண்டு சால்வையையும் நனைத்தேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. தண்ணீர் சொட்டிக் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார்.

"வீட்ல நெறைய விருந்தாளிங்களா சார்?"

"ஆமாங்க. சீசன்."

"எங்க, யாரையுமே காணோம்?"

"கடல்ல குளிக்கிறாங்க" என்றேன். இங்கிருந்து கடலுக்கு ஒரு ராத்திரி ரயில் ஏற வேண்டும். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே படி இறங்கினார். ஏதோ பேர் வைத்திருப்பார்.

பேர் என்றதும் சொல்கிறேன். என் பெண்டாட்டி எனக்குக் 'காலிபண்ணி' என்று பேர் வைத்திருக்கிறாளாம். கல்யாணமானதிலிருந்து. போன வாரம்தான் வாய்விட்டுச் சொன்னாள். எனக்கு ரோஷம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பேரை வைத்துக்கொண்டேதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பையைத் தூக்கிக்கொண்டு எங்கே படுத்தாலும் போர்த்திவிட்டிருக்கிறாள். ஆக, ஒரு பேர் இருந்தால் ஆள் ஒன்றும் கெட்டுப்போய்விட மாட்டார். நேற்று ரேசரைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன். மத்தியானம் வரை அங்கேயே இருந்தது.

அந்த ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. சாவி ஒன்றே ஒன்று, அது உனக்கு. அந்த ஈரச் சுவர் வீடு வேண்டாம் அக்கா. நீ இல்லாமல் எனக்கு எந்த இடத்திலும் கால் ஊன்றவில்லை.

ரூமை அதிக நாள் பிடித்து வைக்க இயலாது. சீசன்.

இப்படிக்கு,
நிர்வாகி

—

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், முழங்கால் உட்பட. உங்கள் இருவர் நலத்தையும் நேரில் வந்தே கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு டாக்டர் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. சாவியைக் கொடுக்கும் முன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, துண்டு, விளக்கு, ஒரே ஒரு ரூம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நீ கோபப்படாதே. கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது.

அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"முதல் வருஷமே தெரியும். சாப்பிடப் போனா நான் ஒருத்தன்தான் இருப்பேன். மத்தவங்க எங்கனு கேட்டா, கடல்ல குளிக்கிறாங்கனு உங்கப்பா சொல்வார். கடலுக்குப் போனா அங்கயும் நான் ஒருத்தன்தான். திரும்பி வந்து கேட்டா, இப்பதான் வந்து தூங்குறாங்கம்பார்."

"அப்புறம் எதுக்குங்க வருஷா வருஷம் வந்தீங்க?"

டாக்டர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"நான் பல் புடுங்குறவன்மா. என்கிட்ட ஆசையா யாரும் வரமாட்டாங்க. வழியில பாத்தாலே வாயை மூடிக்குவாங்க. உங்கப்பா ஒருத்தர்தான், எனக்குனு ஒரு ரூமை எடுத்து வச்ச மாதிரி சொன்னவர். அது பொய்யா இருந்தா என்னம்மா, எனக்காக மெனக்கெட்டு சொல்றாரே. பக்கெட் பக்கெட்டாத் துண்டு நனைச்சில்ல சொல்றார்."

அவர் போன பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். உன் வீட்டில் கூட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் வராவிட்டால் அந்த ரூம் யாருக்கும் போகாது என்றும் தெரியும். ஆனால் நனைப்பது மட்டும்தான் உன் வேலை. இந்தத் தடவை மாட்டுகிற வேலையையும் சேர்த்து நீயே செய்திருக்கிறாய்.

பக்கத்துத் தெரு வீட்டுக்காரரிடம் இடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். 'ரூம் இல்லை' போர்டை எடுத்து வருகிறேன், இனி உன் வாசலில் மாட்ட அது சரியாக இருக்கும். ஒன்றாம் தேதி டாக்டர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே ரயில் ஏறுகிறேன். டிக்கெட்டை நானே எடுத்துவிட்டேன். மழை வந்தாலும் ஏறுவேன்.

அந்த ஒரே ஒரு ரூமை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. என் டம்ளரை நான் கழுவ மாட்டேன் என்று அவளிடம் சொல். பேர் வைப்பதானால் புதிதாக யோசிக்க வேண்டாம், நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

எனக்கு இரண்டு தலையணை வேண்டும்.

அன்புள்ள அக்கா